இரவல் விமானம், யாருக்குக் காப்புறுதி?

எங்கள் ஊர் ஊத்தான் மெலிந்தாங். மலேசியாவில் பேராக் மாநிலத்தின் தென்கோடியில், பெர்னாம் ஆற்றை ஒட்டிய தோட்டப்புற ஊர். ஆற்றங்கரையில் மீன்பிடிப் படகுகள், உள்ளே போனால் செம்பனை, இன்னும் தள்ளிப் போனால் பாகான் டத்தோவின் தென்னந்தோப்புகள். இந்தப் பக்கம் இரவல் இல்லாமல் ஒரு நல்லது கெட்டது நடக்காது. பெண் பார்க்கப் போக ஒருவருடைய காடி (கார்), ஆஸ்பத்திரிக்கு இன்னொருவருடைய வேன், வீடு மாற யாருடைய லோரியோ. கேட்டால் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். திருப்பித் தரும்போது எண்ணெய் ஊற்றித் தந்தால் போதும், அதற்கு மேல் பேச்சில்லை.

அதே பழக்கத்தோடுதான் நான் விமானத்தையும் எடுத்து ஓட்டினேன். அதில் பட்டதை எழுதுகிறேன். வாடகைக்கோ நண்பரிடம் இரவலாகவோ விமானம் எடுத்துப் பறக்கிறவர்கள் நம் ஆட்களில் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வருகிறார்கள். அவர்களில் ஒருவராவது இதைப் படித்துவிட்டுத் தன் விமானக் கிளப்பிடம் காப்புறுதிப் பாலிசியைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் எனக்கு நிம்மதி.

எனக்கு இந்த ஆசை வந்த இடம் ஜென்டராத்தா. தெலுக் இந்தான் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், அந்தத் தோட்டத்துக்குள் ஒரு சின்ன ஓடுதளம் உண்டு. 1906-இல் வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க் பொறியாளர் ரப்பர் போட்டுத் தொடங்கிய தோட்டம் அது. விமானம் தாழ்ந்து வரும் சத்தம் கேட்டால் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு வெளியே ஓடுவோம். செம்பனை மட்டைகளுக்கு மேலே இறக்கை தெரியும், அப்புறம் மறைந்துவிடும். அதில் போகிறவர்கள் துரைமார், நமக்குப் பார்க்கத்தான் கொடுத்து வைத்திருக்கிறது என்பார் அப்பா. நான் செம்பனை ஆலையில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்து, வீட்டுக் கடன் ஓரளவு குறைந்த பிறகு, 36 வயதில் தனியார் விமானி உரிமத்துக்குப் படிக்கப் போனேன். சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்கு எழுந்து காடி ஓட்டிப் போவேன். எந்த விமானத்தளம், எந்த கிளப் என்று சொல்லவில்லை. நடந்ததில் அவர்கள் பெயரை இழுக்க வேண்டிய தேவை இல்லை.

உரிமம் வாங்கினாலும் சொந்த விமானம் வாங்க என்னால் ஆகாது. கிளப்பின் செஸ்னா 172-ஐ மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பேன். 1955-இல் முதன்முதலாகப் பறந்த வகை. உலகத்தில் இவ்வளவு எண்ணிக்கையில் செய்யப்பட்ட விமானம் வேறு கிடையாது. உறுப்பினராகச் சேர்ந்த அன்று நான்கு பக்க வாடகை ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போட்டேன். “இன்சூரன்ஸ் எல்லாம் இருக்குதானே?” என்று கேட்டேன். “இருக்கு, ஃபுல் கவர்” என்றார்கள். அது உண்மைதான். ஆனால் யாருக்கு இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

2018 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவின் தம்பி. தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊருக்கு மேலே ஒரு சுற்று வந்தோம். முப்பது வருஷம் அவர் லோரி ஓட்டிய மண்சாலைகள் எல்லாம் கீழே நூல் போல் கிடந்தன. அவர் அதிகம் பேசவில்லை. “அது நம்ம கோயில் ஆலமரம்டா” என்று ஒரு தரம் சொன்னார், அவ்வளவுதான். கிளம்புவதற்கு முன்பே ஐம்பது வெள்ளியை (ரிங்கிட்) என் சட்டைப் பையில் திணிக்கப் பார்த்தார். “எண்ணெய்க்கு வச்சுக்க, மாப்ள.” நான் வாங்கவில்லை. தனியார் விமானி காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றக் கூடாது என்று படித்திருந்ததால் மறுத்தேன். அந்த மறுப்பு என்னைப் பிற்பாடு எவ்வளவு காப்பாற்றப் போகிறது என்று அப்போது தெரியாது.

தரையிறக்கம் நன்றாகவே அமைந்தது. ஓடுதளத்தை விட்டு வெளியே வந்து, புல்தரையில் நிறுத்தும் இடத்துக்கு மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தேன். முந்தின நாள் சாயங்காலம் நல்ல மழை. திருப்பத்தைக் கொஞ்சம் குறுக்கே வெட்டினேன். வடிகாலின் ஓரத்தைப் புல் மூடியிருந்தது. மூக்குச் சக்கரம் இறங்கியது, மூக்கு குனிந்தது, புரொப்பெல்லர் மண்ணைக் கொத்தியது, இன்ஜின் நின்றது. நடக்கிற வேகம்தான், இரண்டு வினாடிதான்.

“என்ன மாப்ள, நின்னு போச்சு?”

“ஒண்ணுமில்ல மாமா. பெல்ட்டைக் கழட்டுங்க, இறங்கிடலாம்.”

இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. புரொப்பெல்லரின் இரண்டு நுனியும் மடங்கியிருந்தன. ஆலையில் எத்தனையோ தடவை விசிறித் தகடு மாற்றியவன் நான். இதையும் கழற்றிப் புதிதாக மாட்டிவிட்டால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். கிளப்பின் மெக்கானிக் இல்லை என்று தலையை ஆட்டினார். சுழலும் இன்ஜின் அப்படிச் சட்டென்று நின்றால் உள்ளே கிராங்க்ஷாப்டிலும் பற்சக்கரங்களிலும் என்ன ஆகியிருக்கும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. இன்ஜின் செய்யும் லைகமிங் நிறுவனமே இதற்கென்று 533 என்ற எண்ணில் ஒரு சேவை அறிவிப்பு வைத்திருக்கிறது. உயரமான புல்லிலோ தண்ணீரிலோ பட்டுச் சுழற்சி திடீரென்று குறைந்தாலே அதைப் புரொப்பெல்லர் அடிபட்டதாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். நாங்கள் மண்ணையே கொத்தியிருந்தோம். இன்ஜினை இறக்கி, பிரித்து, ஒவ்வொரு பாகமாகச் சோதித்து மறுபடி சேர்க்க வேண்டும். புது புரொப்பெல்லர், அதைத் தருவிக்கும் செலவு எல்லாம் சேர்த்து மதிப்பீடு 100,000 வெள்ளியைத் தொட்டது. விமானம் ஐந்து மாதம் தரையிலேயே நின்றது.

அன்று சாயங்காலம் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கிளப் உறுப்பினர்களின் வாட்ஸாப் குழுவில் எழுதினேன்: “தவறு முழுக்க என்னுடையது. எவ்வளவு செலவானாலும் நான் கட்டிக் கொடுத்துவிடுகிறேன்.” நாம் அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம். இரவல் வாங்கிய பொருள் நம் கையில் உடைந்தால் மறுபேச்சு இல்லாமல் பொறுப்பேற்பதுதான் மானம். நேர்மையில் தப்பே இல்லை. ஆனால் காப்புறுதி இருக்கிற இடத்தில் அந்த இரண்டாவது வரியை எழுதக் கூடாது. பெரும்பாலான பாலிசிகளில், நிறுவனத்தைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. நாமாக வாய் கொடுத்து ஏற்றுக்கொண்ட கடனைக் காப்புறுதி சுமக்காது. என்ன நடந்தது என்பதை உள்ளபடி சொல்லுங்கள், மறைக்காமல் சொல்லுங்கள். விமானப் போக்குவரத்து ஆணையத்துக்குப் போகிற அறிக்கையிலும் அப்படியே எழுதுங்கள். யார் பணம் கட்டுவது என்பதை மட்டும் அன்றைக்கே பேச வேண்டாம். ஒரு மூத்த உறுப்பினர், ஓய்வு பெற்ற ராணுவ விமானி, இரவோடு இரவாக என்னைக் கூப்பிட்டு அதை விளக்கினார். அவர் அதட்டவில்லை, பொறுமையாகச் சொன்னார். அந்த அழைப்புக்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

இரண்டு வாரத்தில் காப்புறுதி நிறுவனத்தின் சார்பில் இழப்பு மதிப்பீட்டாளர் வந்தார். மரியாதையான மனிதர். மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். உரிமம், மருத்துவச் சான்று, பறப்புப் பதிவேடு, கிளப்பின் கடைசிச் சோதனைப் பறப்பில் யார் கையெழுத்துப் போட்டார், அன்றைய எடைக் கணக்கு, வானிலைத் தகவலை எப்போது பார்த்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். விபத்து நடந்தது தரையில், நடக்கிற வேகத்தில். எடைக் கணக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தோன்றியது. சம்பந்தம் இருக்கிறது. அந்தப் பறப்பு பாலிசிக்கு உட்பட்ட பறப்புதானா என்பதை அவர் முதலில் பார்க்கிறார், சேதம் அதற்கு அப்புறம். எடைத் தாளைப் பேனாவால் எழுதிக் கோப்பில் வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். செஸ்னா 172-இல் நான்கு இருக்கை இருக்கிறதே என்று நான்கு பெரியவர்களை ஏற்றி இரண்டு தொட்டியையும் நிரப்பினால் பெரும்பாலும் அனுமதித்த எடையைத் தாண்டிவிடும் என்று பயிற்றுநர் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தார்.

கடைசியில் அவர் கேட்டது: “உங்கள் மாமா பணம் ஏதாவது கொடுத்தாரா?”

இல்லை என்று சொன்னேன். தனியாக மாமாவையும் கேட்டார். “கொடுத்தேன், அவன்தான் வாங்கல” என்று மாமா சொன்னாராம். அந்த ஐம்பது வெள்ளியை நான் வாங்கியிருந்தால், சொந்த உல்லாசத்துக்காகப் பறப்பது என்று பாலிசியில் எழுதியிருக்கும் பயன்பாட்டைத் தாண்டி, வாடகைக்கு ஆள் ஏற்றியதாக வாதாட அவர்களுக்கு வழி கிடைத்திருக்கும். எண்ணெய்க் காசு நம் ஊர் மரியாதை. விமானத்தில் மட்டும் அந்த மரியாதையை ஏற்காதீர்கள்.

ஒரு மாதம் கழித்து இரண்டு கடிதம் வந்தன. கிளப்பின் கடிதம், ஒப்பந்தப்படி காப்புறுதியின் எக்சஸ் தொகை, அதாவது சேதத்தில் நிறுவனம் தராமல் கழிக்கும் முதல் பகுதி, 8,000 வெள்ளியை நான் கட்ட வேண்டும் என்றது. அதைப் புரிந்துகொள்ள முடிந்தது. நான் கையெழுத்துப் போட்டதுதான். காப்புறுதி நிறுவனத்தின் கடிதம்தான் தூக்கத்தைக் கெடுத்தது. கிளப்புக்குத் தரும் இழப்பீட்டை, சேதத்துக்குக் காரணமான விமானியிடமிருந்து வசூலிக்கும் உரிமையைத் தாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தது. அதாவது, அந்த 8,000 போக மீதியைக் கிளப்புக்குக் கொடுத்துவிட்டு, கிளப்பின் இடத்தில் நின்று என் மேல் வழக்குப் போடலாம்.

எப்படி முடியும்? காப்புறுதி இருக்கிறது என்றார்களே?

இங்கேதான் காடிப் பழக்கம் நம்மை ஏமாற்றுகிறது. நம் நாட்டில் காடிக்கான பாலிசி, சொந்தக்காரரின் அனுமதியோடு ஓட்டுகிறவரையும் மூன்றாம் தரப்புப் பொறுப்பில் சேர்த்தே பாதுகாக்கிறது. பாலிசியில் பெயர் இல்லாதவர் ஓட்டிக் காடி சேதமானால் 400 வெள்ளி எக்சஸ் என்பதை நம்மில் பலர் கேட்டிருப்போம். மாமாவின் புரோட்டோன் சாகா காடியை ஒரு தரம் உறவுக்காரப் பையன் கொண்டுபோய் இடித்தபோது அந்த 400-ஐக் கட்டினார், இழப்பீடு கேட்காமல் ஐந்து வருஷம் சேர்த்த 55 விழுக்காடு என்சிடி பிரீமியக் கழிவு போனது, அதோடு முடிந்தது. யாரும் அந்தப் பையன் மேல் வழக்குப் போடவில்லை. இரவல் காடி ஓட்டுகிறவனுக்கும் ஒரு கூரை இருக்கிறது என்று நாம் பழகிவிட்டோம். விமானப் பாலிசியில் அந்தக் கூரை தானாக வராது.

கிளப்பின் பாலிசியைக் கேட்டு வாங்கி மூன்று இரவு படித்தேன். லண்டன் காப்புறுதிச் சந்தையின் ஏவிஎன் 1சி என்ற 1998-ஆம் ஆண்டு வாசகத்தை ஒட்டியது. அமெரிக்காவுக்கு வெளியே பல நாடுகளில் இதுதான் அடிப்படை. பாதுகாப்பு தரும் பகுதி மூன்று. முதல் பகுதி விமானத்துக்கான சேதம். இரண்டாவது, வெளியாட்களுக்கும் அவர்கள் சொத்துக்கும் ஏற்படும் கேட்டுக்கான பொறுப்பு. மூன்றாவது, பயணிகளுக்கான பொறுப்பு. மூன்றிலும் பாதுகாப்பு, அட்டவணையில் ‘காப்புறுதி பெற்றவர்’ என்று பெயர் போட்டிருப்பவருக்கு. அங்கே கிளப்பின் பெயர் இருந்தது. ‘விமானிகள்’ என்ற வேறொரு கட்டத்தில், தகுதியுள்ள உறுப்பினர்கள் என்று இருந்தது. முதல் தடவை பார்க்கும்போது எனக்கு உயிர் வந்தது, நாமும் இருக்கிறோம் என்று. இல்லை. அந்தக் கட்டம் சொல்வது வேறு. இன்னார் ஓட்டினால் கிளப்பின் பாதுகாப்பு கெடாது என்பதுதான் அதன் பொருள். ஓட்டுகிறவர் பாதுகாக்கப்படுகிறார் என்று அதில் எங்கேயும் இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தை என் கிளப்பில் பத்துப் பேரைக் கேட்டேன், இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது.

இன்னும் இரண்டு வரி அதில் கண்ணில் பட்டது. இரண்டாவது பகுதி, காப்புறுதி பெற்றவரின் பொறுப்பிலும் கட்டுப்பாட்டிலும் இருக்கும் சொத்தின் சேதத்தை ஏற்காது. ஆகவே நம் பெயரையே அதில் சேர்த்தாலும், நாம் ஓட்டுகிற விமானத்தின் சேதம் அந்தப் பொறுப்புப் பகுதியில் வராது. மற்றொன்று, விமானத்தை இயக்குகிற பணியாளரின் உடற்காயம் எதிலும் சேராது. பணியாளர் என்றால் நான். பக்கத்தில் இருந்த மாமாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் மூன்றாவது பகுதி கிளப்பின் சார்பில் பேசியிருக்கும். எனக்கு ஆகியிருந்தால் பேச ஆளில்லை.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் மாதம், அந்த ராணுவ விமானி பாலிசியின் பின்னால் இணைத்திருந்த தாள்களைப் பொறுமையாகப் புரட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார். முந்தின வருஷப் புதுப்பிப்பில் சேர்த்த ஓர் இணைப்பு: கிளப்பின் அனுமதியோடு ஓட்டும் உறுப்பினரும் காப்புறுதி பெற்றவராகவே கருதப்படுவார். தன்னிடம் காப்புறுதி பெற்றவர் மேலேயே நிறுவனம் திரும்ப முடியாது. அந்தத் தாளின் நகலை வைத்துப் பதில் எழுதினோம். வசூல் பேச்சு அதோடு நின்றது. நான் கட்டியது 8,000 வெள்ளி. வீட்டின் பின்கட்டை இழுத்துச் சமையலறை போட ஒதுக்கியிருந்த பணம். என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. விமானம் நின்ற ஐந்து மாத வாடகை வருமானத்தையும் என்னிடம் கேட்கலாமா என்று கிளப் குழுவில் பேச்சு எழுந்தது. அந்த இழப்பைக் காப்புறுதி தராது. ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால் விட்டுவிட்டார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கலாம், தேடிப் பாருங்கள்.

அந்த இணைப்பு இல்லாத கிளப்பில் நான் பறந்திருந்தால்? அதை நினைத்துத்தான் என் மற்ற பாலிசிகளையும் எடுத்துப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் காப்புறுதி என்றால் கடைவீதி மாடியில் இருக்கும் அக்காதான். காடி, மோட்டார், வீட்டுத் தீ, தனிநபர் விபத்து எல்லாம் அவரிடம்தான். என்னுடைய மூன்று பாலிசிகளை மேசையில் விரித்தோம். தனிநபர் விபத்துப் பாலிசியின் விலக்குகளில், கட்டணம் செலுத்திய பயணியாகப் போவதைத் தவிர்த்த வான்பயணம் எதற்கும் இழப்பீடு இல்லை. மருத்துவக் காப்புறுதி அட்டையிலும் அதே வரி, தனியார் பறத்தல் என்று பெயர் சொல்லியே.

“அக்கா, அப்ப நான் இறங்கும்போது கால் உடைஞ்சா?”

“கார்டு போகாது தம்பி. அரசாங்க ஆஸ்பத்திரிதான். இவ்வளவு நாளா பறக்கிறதை என்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க.”

ஆயுள் காப்புறுதியின் அடிப்படைப் பாலிசியில் அப்படி விலக்கு இல்லை. அதோடு சேர்த்து எடுத்த விபத்து மரணக் கூடுதல் பலனில் இருந்தது. பறக்கக் கற்பதற்கு முன்பே எடுத்த பாலிசி என்பதால் விண்ணப்பத்தில் நான் எதையும் மறைத்தவன் ஆகவில்லை. ஆனால் விபத்துப் பாலிசி வருஷா வருஷம் புதுப்பிக்கிறது. 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் 9-ஆவது அட்டவணைப்படி, ஒப்பந்தம் போடும்போது மட்டும் இல்லை, மாற்றும்போதும் புதுப்பிக்கும்போதும் கேட்கிற கேள்விக்குத் தவறான பதில் போகாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை. ‘ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா’ என்ற கேள்விக்கு ஏஜெண்டே ‘இல்லை’ என்று டிக் அடித்துவிடுவது நம் ஊர் வழக்கம். அந்தப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள். அக்கா மூன்று வாரம் அலைந்து, கூடுதல் பிரீமியத்துக்குத் தனியார் பறத்தலையும் சேர்க்கிற ஒரு விபத்துப் பாலிசியைப் பிடித்துத் தந்தார். தொகை சிறியது, ஆனாலும் வீட்டுக்கடனை அடைக்கும். மருத்துவ அட்டையில் அந்த விலக்கு அப்படியேதான் இருக்கிறது. அதற்கென்று கொஞ்சம் பணம் தனியாக வைத்திருக்கிறேன்.

சித்தப்பா மகன் டெக்சாஸில் இருக்கிறான், அவனும் வாடகைக்குத்தான் பறக்கிறான். அங்கே இது தனி வியாபாரம். வாடகைக்கு எடுத்துப் பறக்கும் விமானி தன் பெயரிலேயே ஒரு பாலிசி எடுக்கிறார், ரெண்டர்ஸ் இன்சூரன்ஸ் என்கிறார்கள். தனியார் விமானி அதை எடுத்தே ஆக வேண்டும் என்று மத்திய அரசுச் சட்டம் ஏதும் அங்கே இல்லை, ஆனாலும் எடுக்கிறார்கள். அவனுடையதை வீடியோ அழைப்பில் காட்டினான். வெளியாட்களுக்கும் பயணிகளுக்குமான பொறுப்பு முதலில் வருகிறது. ஓட்டுகிற விமானத்துக்கான சேதம் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டிய ஒன்று, அதைச் சேர்க்காமல் மலிவு விலையைப் பார்த்து எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் உண்டு என்றான். அவனுடையதில் பொறுப்புத் தொகை 10 லட்சம் டாலர் என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே சின்ன எழுத்தில், ஒரு பயணிக்கு அதிகபட்சம் 100,000 டாலர். பெண்டாட்டியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போகிறவன் பார்க்க வேண்டியது அந்தச் சின்ன எழுத்தைத்தான். அதற்கு அப்புறம் எங்கள் கிளப் பாலிசியிலும் ஒரு பயணிக்கான தொகையைத் தேடிப் பிடித்துப் படித்தேன்.

இங்கே அப்படி ஒரு பாலிசி கிடைக்குமா என்று கோலாலம்பூரில் ஒரு விமானக் காப்புறுதித் தரகரைக் கேட்டேன். மாதம் இரண்டு மணி நேரம் பறக்கிற ஒருவனுக்காகத் தனியாக எழுதுவதைவிட, கிளப்பின் பாலிசியிலேயே உறுப்பினர்களைக் காப்புறுதி பெற்றவர்களாகச் சேர்ப்பது செலவும் குறைவு, பலனும் அதிகம் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. அந்த இணைப்பு ஒவ்வொரு புதுப்பிப்பிலும் தொடர்கிறதா என்று பார்ப்பது இப்போது கிளப்பில் என் வேலை. எக்சஸ் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன். அதில் கை வைக்க நேர்ந்த மாதத்தில் நான் பறப்பதில்லை.

இரவல் விமானம் இன்னும் சிக்கல். வாடகை என்றால் ஒப்பந்தமாவது இருக்கும். நண்பர் ஒருவர் இரண்டு இருக்கை விமானம் வைத்திருக்கிறார். “சாவி இங்கதான் தொங்கும், எப்ப வேணும்னாலும் எடுத்துக்கங்க” என்றார். நம் ஊர் மனசு அது. பாலிசியின் அட்டவணையைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். “என் மேல நம்பிக்கை இல்லையா?” என்று முகம் சுருங்கியது. பார்த்தால், விமானிகள் கட்டத்தில் அவர் பெயரும் அவர் அண்ணன் பெயரும்தான். வேறு யார் ஓட்டினாலும் அந்தப் பறப்புக்குப் பாலிசியே கிடையாது. என் கையில் ஏதாவது ஆகியிருந்தால் அவருக்கு விமானமும் போய், இழப்பீடும் போய், எங்கள் நட்பும் போயிருக்கும். சில பாலிசிகளில் பெயர் இல்லாமல் இத்தனை மணி நேர மொத்த அனுபவம், அந்த வகையில் இத்தனை மணி நேரம் என்று பொதுவாக எழுதியிருப்பார்கள். அதைப் பூர்த்தி செய்தால் அவருடைய பாதுகாப்பு கெடாது, அவ்வளவுதான். இரவல் வாங்கியவர் தலைக்கு மேல் அப்போதும் ஒன்றும் இல்லை. நண்பர் தரகரிடம் பேசி என் பெயரை விமானியாகவும் கூடுதல் காப்புறுதி பெற்றவராகவும் சேர்த்த பிறகுதான் அந்தச் சாவியைத் தொட்டேன்.

தேதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எல்லாரும் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தோம். திறந்ததும் ஆளாளுக்கு விமானத்தை நோக்கி ஓடினோம். மருத்துவச் சான்று காலாவதியாகியிருந்தது சிலருக்கு, கிளப் விதிப்படியான சோதனைப் பறப்பு விட்டுப்போனது பலருக்கு. அந்த நிலையில் பறந்து விபத்து ஆனால், விமானி தகுதியுள்ளவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உடைகிறது. பாலிசி கிளப்புக்கே கைகொடுக்காமல் போகலாம். அப்போது கிளப் முழு இழப்பையும் கேட்கிற ஒரே ஆள் நீங்கள்தான். ஆலையில் கொதிகலனின் சான்றிதழ் முடிகிற தேதியை எழுதித் தொங்கவிடுவது போல, என் தேதிகளை எழுதி வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். பிள்ளைகளே ஞாபகப்படுத்துகிறார்கள்.

போன தீபாவளி வாரம் கிளப்பில் ஒரு பையனைப் பார்த்தேன். எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவன், உரிமம் வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அம்மாவை முதல் தடவையாக மேலே கூட்டிப் போக வந்திருந்தான். ஒப்பந்தத்தைப் படித்தாயா என்று கேட்டேன். “படிச்சேண்ணே, ஆனா பாலிசியைக் காட்டல, கேக்கவும் கூச்சமா இருந்துச்சு” என்றான். இரண்டு பேரும் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டோம். அட்டவணை, அந்த இணைப்புத் தாள், பயணிக்கான தொகை, எக்சஸ் என்று ஒவ்வொரு பக்கமாக அவனே வாசித்தான், கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான். அரை மணி நேரம் ஆனது. அவன் அம்மா அதுவரை வேலியோரம் சாப்பாட்டுக் கூடையோடு நின்றுகொண்டிருந்தார். அவன் விமானத்தைச் சுற்றி வந்து சரிபார்த்து முடித்ததும், அவரை முன் இருக்கையில் ஏற்றி உட்கார வைத்து பெல்ட்டை மாட்டிவிட்டேன். கூடையை மட்டும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.